மணிக்கட்டில் மறுபடி மறுபடி வரும் கட்டி: கொழும்பில் யாரிடம் போவது, எதைக் கையில் வைத்திருப்பது

என் வலது மணிக்கட்டில் வந்த கேங்லியன் என்கிற கட்டி புளியங்கொட்டை அளவில் தொடங்கி, சின்ன நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. இரண்டு தடவை ஊசியால் உறிஞ்சினார்கள், திரும்பி வந்தது. ஒரு தடவை வெட்டி எடுத்தார்கள், எட்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி எட்டிப் பார்த்தது. இரண்டாவது ஒப்பரேஷனுக்குப் பிறகுதான் கட்டி அடங்கியது. இதற்குள் ஐந்து வருடம் போய்விட்டது. காசு போனதைவிட லீவு போனதுதான் எனக்குக் கவலை.

நான் டொக்டர் இல்லை. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். ஒன்றை மட்டும் பிந்தித் தெரிந்துகொண்டேன்: இந்தக் கட்டி திரும்பி வரலாம் என்று முதல் நாளிலிருந்தே நினைத்துக்கொண்டு காரியம் பார்க்க வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் “இதோடு முடிந்தது” என்று நினைத்து வைத்தியசாலைத் துண்டுச் சீட்டுகளைக் குப்பையில் போட்டேன். அதற்காக இரண்டு மடங்கு செலவழித்தேன்.

1. அது கேங்லியன்தானா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள்

மூட்டின் உறையிலிருந்தோ தசைநாரின் உறையிலிருந்தோ திரவம் கசிந்து ஒரு பைக்குள் சேர்ந்தால் அதுதான் கேங்லியன். உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை, ஜெலி போலக் கெட்டியாக இருக்கும். மணிக்கட்டில் வருபவற்றில் பெரும்பாலானவை மேற்பக்கத்தில், கையின் புறங்கைப் பக்கம் வரும். மற்றவற்றில் அதிகமானவை உள்ளங்கைப் பக்கம், பெருவிரலுக்குக் கீழே நாடி பிடித்துப் பார்க்கும் இடத்தில் வரும். உங்களுடையது எந்தப் பக்கம் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் எல்லா முடிவும் அதைப் பொறுத்துத்தான்.

இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. வேலை கூடிய கிழமையில் பெருக்கும், ஓய்வெடுத்தால் சுருங்கும். 20 முதல் 40 வயதுக்குள் அதிகம் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூட.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். இரவில் லைட்டை அணைத்துவிட்டு, போனின் டோர்ச்சைக் கட்டியின் ஓரத்தில் ஒட்டிப் பிடியுங்கள். திரவம் நிறைந்த கட்டி என்றால் உள்ளே வெளிச்சம் பரவி, பழுத்த பப்பாசி நிறத்தில் மின்னும். எலும்பு மேடோ சதைக் கட்டியோ என்றால் இருட்டாகவே கிடக்கும். சில பேருக்கு அந்த இடத்தில் எலும்பே சற்றுத் துருத்திக்கொண்டு கட்டி போலத் தெரியும். அதை ஊசியால் குத்தி ஒன்றும் வராது. இந்தச் சோதனை ஒரு குறிப்புதான், ஸ்கேனுக்குப் பதில் இல்லை.

கட்டி வேகமாகப் பெருத்தால், கல்லுப் போல அசையாமல் இருந்தால், சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால், விரல் மரத்துப்போனால், பிடி தளர்ந்து கையிலிருந்து கோப்பை நழுவினால், கீழே உள்ள படிகளை விட்டுவிட்டு அந்தக் கிழமைக்குள்ளேயே டொக்டரிடம் போங்கள்.

2. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான்

வலியில்லாத கட்டி என்றால் விட்டுவிடலாம். ஏறத்தாழ பாதிப் பேருக்கு எந்த வைத்தியமும் இல்லாமலே கரைந்துபோகிறது. ஆனால் மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை சில. எங்கள் மேல்மாடி அன்ரி, “தடிச்ச புத்தகத்தால ஒரு அடி போட்டா உடைஞ்சிடும், எங்கட அப்பா அப்பிடித்தான் செய்தவர்” என்று அகராதியோடு வந்து நின்றார். அடித்தால் பை உடையலாம், உண்மைதான். பையை மூட்டோடு இணைக்கிற காம்பு அப்படியே இருப்பதால் மறுபடி நிரம்பும். மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் ஒன்று வெடித்துப்போனால் அதற்குத் தனி வைத்தியம். வீட்டில் தையல் ஊசியால் குத்துவது இன்னும் மோசம், கிருமி நேரே மூட்டுக்குள் போகலாம்.

நான் முறிவு நெரிவு வைத்தியரிடமும் போனேன். எண்ணெய் பூசிக் கட்டியதில் வலி கொஞ்சம் இறங்கியது, கட்டி அளவில் மாற்றம் இல்லை. கட்டு இறுக்கமாகி விரல் நுனி மரத்தால், வைத்தியர் என்ன சொல்லியிருந்தாலும் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

கட்டியோடு வாழ்கிற காலத்தில் எது வலியைத் தூண்டுகிறது என்று ஒரு கிழமை கவனியுங்கள். எனக்கு மூன்று பிடிபட்டன. ஒன்று, இடியப்பம் பிழிவது. உரலின் இரண்டு பிடியையும் அமுக்கி முறுக்கும்போது மணிக்கட்டு பின்னால் மடியும், கட்டி அந்த மடிப்பில் நசியும். மூன்றாவது தட்டு பிழியும்போது பெருவிரல் வரைக்கும் ஊசி ஏற்றினது போல இருக்கும். மாவைக் கொஞ்சம் இளக்கமாகக் குழைத்தேன், கடைசியில் வேலையையே கணவரிடம் தள்ளினேன். இரண்டு, வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குவது. இடது கையால் பிடித்தேன். மூன்று, தரையில் கை ஊன்றி எழும்புவது. முஷ்டியை மடக்கி ஊன்றினால் மணிக்கட்டு மடியாது.

3. மணிக்கட்டுப் பட்டி

வலி இருந்தால் முதலில் இதை முயன்று பாருங்கள். தேசிய வைத்தியசாலையைச் சுற்றியுள்ள பெரிய மருந்துக் கடைகளில் கிடைக்கும். உள்ளே தகடு வைத்த பட்டியைக் கேளுங்கள். வெறும் எலாஸ்டிக் பட்டி மணிக்கட்டை மடியவிடும், பிரயோசனம் குறைவு. வலது கைக்கும் இடது கைக்கும் வேறு வேறு, கடையிலேயே போட்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். நான் 2,400 ரூபாய் கொடுத்தேன்.

வேலை செய்யும்போது போடுங்கள், மற்ற நேரம் கழற்றுங்கள். இரவு பகலாக மாதக் கணக்கில் போட்டால் மூட்டு இறுகி, பிடியும் பலவீனமாகும்.

4. எங்கே போவது

கொழும்பில் மூன்று பாதை இருக்கிறது. எதில் போனாலும் தேடிப் போக வேண்டியது கை ஒப்பரேஷன் வழக்கமாகச் செய்கிற என்பியல் (எலும்பு) நிபுணரை அல்லது பிளாஸ்டிக் சேர்ஜனை. என் முதல் ஒப்பரேஷனை அவசரத்தில், சனலிங்கில் (காசு கட்டித் தனியாரில் நிபுணரைப் பார்ப்பது) எந்த நிபுணருக்கு நம்பர் கிடைத்ததோ அவரிடம் செய்தேன். அவர்மேல் குறை சொல்லவில்லை. “கை ஒப்பரேஷன் எத்தனை செய்கிறீர்கள்?” என்று கேட்காதது என் பிழை.

அரச பாதை: கொழும்பு தேசிய வைத்தியசாலை, களுபோவில போன்ற இடங்கள். வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவைப்பட்டால் கிளினிக்குக்குத் துண்டு எழுதுவார்கள். கிளினிக்கில் ஒப்பரேஷனுக்குத் திகதி போடுவார்கள். வைத்தியம் இலவசம், நேரம்தான் விலை. உயிருக்கு ஆபத்தில்லாத கட்டி என்பதால் வரிசையில் பின்னால்தான் நிற்கும். திகதி கிடைத்ததும் கலண்டரில் போயா (பௌர்ணமி) நாளோ அரச விடுமுறையோ இல்லையா என்று பாருங்கள். எனக்கு ஒரு தடவை போயாவில் திகதி போட்டிருந்தார்கள், எழுதியவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

நடுப்பாதை: ஸ்ரீ ஜயவர்தனபுர பொது வைத்தியசாலை. அரச வைத்தியசாலைதான், ஆனால் கட்டணம் அறவிடும்.

தனியார் பாதை: சனலிங். போனிலோ செயலியிலோ நம்பர் எடுக்கலாம். டொக்டர் கட்டணம், வைத்தியசாலைக் கட்டணம் இரண்டும் சேர்ந்து வரும். 2023இல் எனக்கு ஒரு தடவைக்கு மூவாயிரத்துச் சொச்சம். பெரும்பாலான நிபுணர்கள் பகலில் அரச வைத்தியசாலையில் இருப்பதால் சனலிங் பின்னேரம்தான் இருக்கும். துண்டில் 5.15 என்று இருந்தால் 7 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். டொக்டர் வராவிட்டால் காசு எப்படித் திரும்பும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

அரச பாதையையும் தனியார் பாதையையும் சேர்க்கிற ஒரு வழியும் உண்டு, எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. சனலிங்கில் பார்க்கிற நிபுணரிடம், “தனியாரில் செய்ய வசதியில்லை, நீங்கள் வேலை செய்யும் வைத்தியசாலையின் கிளினிக்குக்கு வரலாமா?” என்று நேரே கேளுங்கள். பலர் ஒரு கடிதம் எழுதித் தருவார்கள். வெட்கப்படத் தேவையில்லை, அவர்களுக்கு இது தினமும் கேட்கிற கேள்வி.

மொழி: எல்லா இடத்திலும் தமிழ் தெரிந்தவர் இருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். சிங்களத்தில் “அத்தே கெடியக்” என்றால் கையில் கட்டி, “ரிதெனவா” என்றால் வலிக்கிறது, “ஹிரிவெடிலா” என்றால் மரத்திருக்கிறது. இந்த மூன்றும் போதும், தொடங்கிவிடலாம். ஒப்பரேஷன் சம்மதப் படிவத்தில் மட்டும், விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்துச் சொல்ல ஆள் கேளுங்கள், இல்லாவிட்டால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

5. ஒரு பைல் திறவுங்கள்

ஐம்பது ரூபாய்ப் பிளாஸ்டிக் பைல் போதும். உள்ளே இருக்க வேண்டியவை: தேசிய அடையாள அட்டையின் போட்டோகொப்பி இரண்டு, கிளினிக் கொப்பி, ஸ்கேன் மற்றும் எக்ஸ்ரே ரிப்போர்ட்டுகள் படங்களோடு, குடிக்கிற மருந்துகளின் பெயர் எழுதிய தாள், ஒவ்வாமை இருந்தால் அதுவும், எல்லா ரசீதும்.

இவற்றோடு ஒரு தாளில் கட்டியின் சரித்திரத்தை எழுதுங்கள்: எந்த மாதம் தெரிந்தது, எப்போது உறிஞ்சினார்கள், எத்தனை நாளில் திரும்பியது. சனலிங்கில் டொக்டர் உங்களைப் பார்க்கிற நேரம் ஐந்து நிமிடம். அந்தத் தாள் இருந்தால் மூன்று நிமிடம் மிச்சம்.

ஸ்கேன் எல்லாருக்கும் தேவையில்லை. மேற்பக்கத்தில் தெளிவாகத் தெரிகிற கட்டி என்றால் பல டொக்டர்கள் பார்த்தே சொல்லிவிடுவார்கள். உள்ளங்கைப் பக்கக் கட்டி, சந்தேகமான கட்டி, மறுபடி வந்த கட்டி என்றால் அல்ட்ராசவுண்ட் பிரயோசனம். வெளியே தெரியாமல் உள்ளே வலிக்கிற கட்டிக்குத்தான் எம்ஆர்ஐ. டொக்டர் சொல்லாமல் நீங்களாகப் போய் எடுக்காதீர்கள், விலை அதிகம்.

6. ஊசியால் உறிஞ்சுவது

பத்து நிமிட வேலை. மரக்க ஊசி போட்டு, தடித்த ஊசியால் இழுப்பார்கள். ஜெலி கெட்டி என்பதால் மெல்லிய ஊசியில் வராது. என் டொக்டர் ஊசிக்குழலைத் தூக்கிக் காட்டினார். தெளிந்த, லேசான மஞ்சள், கவிழ்த்தாலும் ஓடாத பசை. கட்டி இருந்த இடம் தட்டையாகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பதினொன்றாவது கிழமை திரும்பி வந்தது.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின் கணக்குப்படி, உறிஞ்சிய பிறகு திரும்பி வருவது சராசரியாக 59%. திறந்து வெட்டி எடுத்தால் 21%, மூட்டுக்குள் சின்னக் கமரா விட்டுச் செய்தால் 6%. அப்படியென்றால் உறிஞ்சுவதால் என்ன பிரயோசனம்? கேங்லியன்தான் என்று உறுதியாகும், தழும்பு இல்லை, லீவு தேவையில்லை, பத்தில் நாலு பேருக்கு அதோடு சரி. ஒரு தடவை செய்து பார்க்கலாம். இரண்டாவது தடவை நான் செய்தது வீண் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. உள்ளங்கைப் பக்கக் கட்டி நாடிக் குழாயை ஒட்டி இருக்கும். அதை அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டு செய்வார்களா என்று கேளுங்கள். அடுத்தது, உறிஞ்சிய இடத்தில் ஸ்டீரோயிட் போடட்டுமா என்று கேட்பார்கள். அதனால் திரும்பி வருவது குறைகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்து மெலியலாம், நம்முடைய நிறத்தில் அது பளிச்சென்று தெரியும்.

7. ஒப்பரேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை

பையை மட்டும் எடுத்தால் போதாது. காம்பையும், அது முளைக்கிற மூட்டு உறையில் ஒரு துண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஆகவே முதல் கேள்வி: “காம்பையும் எடுப்பீர்களா?” இரண்டாவது: “எந்த மயக்கம்?” காயத்தில் இரத்தம் மறைக்காமலிருக்க மேற்கையில் பிரஷர் பார்க்கும் பட்டி போல ஒன்றை இறுக்குவார்கள். கட்டியைச் சுற்றி மட்டும் மரக்க ஊசி போட்டால் அந்தப் பட்டியின் நோவைச் சகிக்க வேண்டும். என் முதல் ஒப்பரேஷனில் கட்டி இருந்த இடம் ஒன்றும் தெரியவில்லை, மேற்கைதான் உயிர் போனது. இரண்டாவதில் முழுக் கையையும் மரக்கச் செய்தார்கள், நிம்மதி. மூன்றாவது: “வெட்டி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா?” அனுப்பச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டை மறக்காமல் போய் எடுங்கள்.

முன்பு தழும்பு தடித்து எழும்பியிருந்தால், சீனி வருத்தம் இருந்தால், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடித்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அன்றைய தினம்: சொன்ன நேரத்திலிருந்து வெறும் வயிறு. மோதிரம், காப்பு, நகப்பூச்சு எல்லாம் முதல் நாள் இரவே கழற்றுங்கள். வீங்கிய பிறகு மோதிரம் வராது. முன்னால் பட்டன் வைத்த, கை அகலமான சட்டை போடுங்கள். கட்டு போட்ட கை சுடிதார்க் கைக்குள் போகாமல் நான் தாதி மிஸ்ஸின் கத்தரிக்கோலுக்கு ஒரு நல்ல சட்டையைப் பலி கொடுத்தேன். கூட ஒருவர் வர வேண்டும், தனியாக ஓட்டோவில் திரும்ப நினைக்காதீர்கள்.

8. பில், இன்சூரன்ஸ், லீவு

தனியாரில் “ஒப்பரேஷன் எவ்வளவு?” என்று கேட்டால் சேர்ஜனின் கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், மருந்தும் சாமானும், அறை, பரிசோதனைக் கூடம் எல்லாம் தனித்தனி வரி. எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். எனக்கு வாயால் சொன்னது 85,000, கட்டியது 1,32,000.

இன்சூரன்ஸ் இருந்தால் முதலில் கேட்க வேண்டியது: ஒரு இரவு தங்காமல் அன்றே திரும்புகிற ஒப்பரேஷனுக்குக் காசு தருவார்களா? என் முதல் உரிமைகோரலை இந்தக் காரணம் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அரச ஊழியர் என்றால் அக்ரஹார காப்புறுதியில் என்ன கிடைக்கும் என்று உங்கள் அலுவலகத்திலேயே கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, என்ன வருத்தம், என்ன செய்தார்கள் என்று எழுதித் தருகிற டயக்னோசிஸ் கார்ட்தான் எல்லாவற்றுக்கும் சாவி. மூலப் பிரதியை இன்சூரன்ஸ் வாங்கிக்கொள்ளும். கொடுப்பதற்கு முன் மூன்று போட்டோகொப்பி எடுங்கள், போனிலும் ஒரு படம். நான் எடுக்கவில்லை. இரண்டாவது சேர்ஜன் “போன தடவை என்ன செய்தார்கள், காம்பை எடுத்தார்களா?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பழைய குறிப்பைத் தேடி அந்த வைத்தியசாலைக்கு நாலு நாள் அலைந்தேன்.

லீவு: தனியார் கடை, அலுவலகங்களில் வேலை என்றால் சட்டப்படி வருடத்துக்கு 7 நாள் கேஷுவல் லீவும், இரண்டாவது வருடத்திலிருந்து 14 நாள் வரை வருட லீவும் உண்டு. கணக்கு எழுதுகிற, டைப் செய்கிற வேலைக்கு ஒன்று இரண்டு கிழமை தேவைப்படும். பாரம் தூக்குகிற வேலைக்கு ஆறு கிழமை வரை போகலாம். மருத்துவச் சான்றிதழில் “பாரம் தூக்கக் கூடாது” என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அது இல்லாமல் போனால் முதலாளி துணிக் கட்டைத் தூக்கச் சொல்வார், நாமும் தூக்குவோம்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரண்டு நாள் கையை நெஞ்சுக்கு மேலே, தலையணையில் வைத்திருங்கள். விரல்களை அன்றைக்கே மடக்கி நீட்டத் தொடங்குங்கள், விடாதீர்கள். தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை கட்டு நனையக்கூடாது, குளிக்கும்போது பொலித்தீன் பையும் ரப்பர் பட்டியும். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டு போகிற வலி, விரல் நீலமாவது என்றால் திகதிக்குக் காத்திராமல் போங்கள்.

மணிக்கட்டு இறுகியிருக்கும், பயப்பட வேண்டாம். பிசியோதெரபி சொன்னால் போங்கள். நான் இரண்டு தடவையோடு நிறுத்தினேன், இப்போதும் கையை முழுக்கப் பின்னால் மடக்க முடியாது. தழும்பைச் சுற்றி மரத்தது போல இருப்பது சிலருக்கு மாதக் கணக்கில் நிற்கும்.

10. மறுபடி வந்தால்

முதலில், அது அவசரமில்லை. மறுபடி வந்த கட்டியும் பழைய கட்டியைப் போலவே ஆபத்தில்லாதது. வலியில்லை என்றால் இரண்டாம் படிக்கே திரும்பலாம். வலித்தால் மறுபடி ஊசிக்குப் போகாமல், பைலைத் தூக்கிக்கொண்டு கை ஒப்பரேஷன் செய்கிறவரிடம் நேரே போங்கள். ஸ்கேனில் மிச்சக் காம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகு கத்தியைப் பற்றிப் பேசலாம். இரண்டாவது தடவை வெட்டும்போது பழைய தழும்புக்குள்ளால் போக வேண்டியிருப்பதால் நேரமும் கூட, கை இறுகுவதும் கூட.

மாதத்தில் ஒரு நாள், மணிக்கட்டை மடக்கிப் பிடித்து, அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் குற்றியை வைத்துப் படம் எடுங்கள். ஒரே ஜன்னல், ஒரே நேரம். “பெருத்திருக்கா, இல்லையா” என்று டொக்டர் கேட்கும்போது போனை நீட்டினால் போதும். என் போனில் இப்போது இருபத்தாறு படம் இருக்கிறது. கடைசிப் படத்திலும் குற்றிக்குப் பக்கத்தில் தழும்பு மட்டும்தான்.